பட்டை விளிம்பு வைத்த மண் தொட்டி ஏன் மாறவே இல்லை?

கேள்வி இதுதான்: கீழே குறுகி, மேலே விரிந்து, வாயைச் சுற்றித் தடித்த பட்டை வைத்த அந்தச் சாதாரண சுடுமண் பூந்தொட்டி இத்தனை காலமாக அப்படியே இருப்பது வெறும் பழக்கத்தாலா? இன்று ஒன்று வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்குவது?

பழக்கமும் கொஞ்சம் உண்டுதான். ஆனால் அந்தத் தொட்டியில் அழகுக்கென்றே போட்ட கோடு ஒன்றுகூடக் கிடையாது. சரிவான உடம்பு, பட்டை, அடித்துளை, கிளேஸ் (சுட்டால் கண்ணாடிபோல் படியும் பூச்சு) பூசாத சுவர், அவ்வளவுதான். இவை ஒவ்வொன்றும் குயவருக்கோ, சூளையில் அடுக்குபவருக்கோ, செடி வளர்ப்பவருக்கோ ஒரு வேலையைச் சுலபமாக்க வந்தவை. பல சமயம் ஒரே அம்சம் மூவருக்கும் உதவுகிறது. அதனால்தான் 'புதுமையாக' ஒன்றை மாற்றியதும் வேறெங்கோ இடிக்கிறது. பானை வடிவத்தில் வயிறு வைத்த தொட்டி வாங்கியவர்களுக்கு இது செடியை மாற்றி நடும் நாளில் தெரியவரும்.

முதலில் சரிவு. வழக்கமான தொட்டியில் உயரமும் வாய் அகலமும் ஏறக்குறைய சமம். அடி அகலம் வாயில் மூன்றில் இரண்டு பங்கு. 20 செ.மீ. தொட்டியின் உள்ளளவை எடுத்தால் வாய் 18, அடி 12, ஆழம் 18 செ.மீ. அளவில் இருக்கும். கொள்ளளவு சுமார் 3.2 லிட்டர். சுவர் நேர்க்குத்திலிருந்து 9 முதல் 10 டிகிரி வெளியே சாய்கிறது. இந்தச் சாய்வு இருப்பதால், செடியை எடுக்கும்போது வேர்ப்பந்து ஒரு செ.மீ. நகர்ந்துவிட்டாலே சுற்றிலும் சுவரை விட்டு விலகிவிடும். தண்டை இரு விரல்களுக்கு இடையே பிடித்து, உள்ளங்கையால் மண்ணைத் தாங்கி, தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பை மேசை ஓரத்தில் இரண்டு தட்டு தட்டினால் செடி மண்ணோடு கையில் வந்துவிடும். நேர்ச்சுவர்த் தொட்டியில் கடைசி அங்குலம் வரை உராய்ந்துகொண்டே வரும். வாய் குறுகிய தொட்டியில் வேரை வெட்ட வேண்டும், அல்லது தொட்டியை உடைக்க வேண்டும்.

சரிவால் இன்னொரு லாபம் உண்டு, அது பலர் கவனிக்காதது. எந்தத் தொட்டியில் நீர் ஊற்றினாலும், வடிந்து முடிந்த பிறகும் அடியில் சில செ.மீ. மண் நீரில் ஊறியபடியே நிற்கும். மண்துகள்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் நீரைப் பிடித்துவைக்கும் விசை, அந்த உயரம் வரை புவியீர்ப்பை வென்றுவிடுகிறது. ஊறி நிற்கும் அந்த அடுக்கின் உயரம் மண்கலவையைப் பொறுத்தது, தொட்டியின் வடிவத்தைப் பொறுத்ததல்ல. 3 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன தொட்டியில் அந்த 3 செ.மீ.க்குள் அடங்குவது சுமார் 370 மி.லி., அதாவது மொத்தத்தில் 11 சதவீதம் சொச்சம். அதே ஆழமும் கொள்ளளவும் கொண்ட உருளைத் தொட்டியில் இது கிட்டத்தட்ட 17 சதவீதம். காற்றில்லாத ஈர மண் எவ்வளவு குறைகிறதோ, வேர் அழுகும் வாய்ப்பும் அவ்வளவு குறையும்.

இதே காரணத்தால் அடியில் கூழாங்கல் பரப்புவது வடிகாலுக்கு உதவாது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி கொண்ட கல்லுக்கு நீர் எளிதில் இறங்காது. ஊறிய அடுக்கு கல்லுக்கு மேலே போய் உட்காரும். 4 செ.மீ. கல் போட்டால் வேருக்கு 4 செ.மீ. ஆழம் போனதுதான் மிச்சம். துளையை மறைக்க வளைந்த ஓட்டுத்துண்டு ஒன்று, குழிந்த பக்கம் கீழாக. அல்லது ஒரு துண்டு வலை. அதுவே போதும்.

அடுத்தது பட்டை. என் கணக்கில் இந்த வடிவமைப்பின் மூளை இங்கேதான் இருக்கிறது. பச்சை மண்ணில் வனைந்த மெல்லிய விளிம்பு உடம்பைவிட வேகமாகக் காயும்; சீக்கிரம் சுருங்கி முட்டை வடிவத்துக்கு இழுத்துக்கொள்ளும். விளிம்பைத் தடித்த வளையமாக விட்டால் காய்வது மெதுவாகும், வட்டம் காப்பாற்றப்படும், சூளையிலும் வாய் கோணாது. சுட்ட பிறகு, அதிகம் அடிபடும் இடமும் அதுவே என்பதால் சில்லு பெயர்வது குறையும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும்போது மேல்தொட்டியின் பட்டை கீழ்த்தொட்டியின் வாயில் உட்கார்ந்து நின்றுவிடும். எடை முழுவதும் தடித்த இடத்தின் வழியாக இறங்கும், சுவரும் சுவரும் ஆப்புப்போல இறுகாது. பட்டை இல்லாத சரிவுத் தொட்டிகளைப் பத்துப் பன்னிரண்டாக அடுக்கிப் பாருங்கள். அடியில் இருப்பது பிளந்துவிடும், அல்லது இரண்டு தொட்டி பிரிக்கவே முடியாதபடி மாட்டிக்கொள்ளும். ஈரக் கையோடு மண் நிறைந்த தொட்டியைத் தூக்கும்போது விரல் மாட்டிக்கொள்ள இடம் கொடுப்பதும் அந்தப் பட்டையின் கீழ்விளிம்புதான்.

தோட்டக்காரருக்கு அது ஓர் அளவுகோலும்கூட. மண்ணைப் பட்டையின் கீழ்க்கோட்டு மட்டத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. 20 செ.மீ. தொட்டியில் மேலே 2.5 செ.மீ. காலியாக விட்டால் அந்த இடம் சுமார் 600 மி.லி. நீர் கொள்ளும். கீழே இருக்கும் மண் 2.6 லிட்டர். ஆக ஒருமுறை வாய்வரை ஊற்றினால் மண்ணின் அளவில் கிட்டத்தட்ட கால் பங்கு நீர் உள்ளே போகிறது. மண் முழுவதும் நனைந்து அடியில் வழிய அது போதும். பலர் வாய்வரை மண்ணைக் கொட்டி, ஊற்றும் நீர் ஓரத்தில் வழிந்தோட, 'தினமும் தண்ணீர் விடுகிறேன், செடி வாடுகிறது' என்பார்கள். மேல் மூன்று விரல் மண்ணைத் தவிர எதுவும் நனைந்திருக்காது.

துளையைப் பற்றி ஒரே விஷயம்தான், ஆனால் அதில்தான் மலிவான தொட்டிகள் மாட்டிக்கொள்கின்றன. துளையை வெளியிலிருந்து உள்ளே குத்தினால் உள்தரையில் துளையைச் சுற்றி 2, 3 மி.மீ. உயரத்துக்கு மண் வரம்பு எழும்பி நிற்கும். அப்படியே சுட்டுவிட்டால் அந்த வரம்புக்குக் கீழே உள்ள நீர் வெளியேறவே வழியில்லை. விரலை உள்ளே விட்டுத் துளையோரம் தடவிப் பாருங்கள். உள்ளே சற்றுக் குழிவாக, வழவழப்பாக இருக்க வேண்டும். வரம்பு தட்டுப்பட்டால் கரடுமுரடான உப்புத்தாள் அல்லது அரத்தால் தேய்த்துவிடலாம், சுடுமண் மெத்தென்றுதான் தேயும். அடிப்புறம் தட்டையாக இருந்து சமதரையில் ஒட்டி உட்கார்ந்தால் துளை அடைபடும். ஓரத்தில் வெட்டு விட்ட தொட்டி, அல்லது நடுவில் கொஞ்சம் உட்குழிந்த அடி நல்லது. இரண்டும் இல்லையென்றால் அடியில் மூன்று ஓட்டுத்துண்டு வைத்து 1 செ.மீ. தூக்கிவிடுங்கள்.

இனி சுவர். இந்தத் தொட்டியின் மேல் உள்ள பிரியமும் புகாரும் இரண்டுமே இதிலிருந்துதான் வருகின்றன.

சிவப்புக் களிமண்ணை 950 முதல் 1050 டிகிரி செல்சியஸ் வரை சுடும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும், ஆனால் உருகிக் கண்ணாடியாகி இடைவெளிகளை அடைக்காது. அந்த நுண்துளைகள் வழியாக நீர் வெளிச்சுவருக்கு வந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் வெயிலில் வேர்மண் சற்றுக் குளிர்ந்திருக்கும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் வெயில் பக்கத்தில் வேர் வெந்துபோவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். மண் மேலிருந்து மட்டுமல்லாமல் பக்கவாட்டிலிருந்தும் உலர்கிறது. காற்றும் உள்ளே போகிறது. அளவு தெரியாமல் நீர் ஊற்றுகிறவர்களை இந்தச் சுவர் காப்பாற்றும்.

அதே சுவர் ஈரத்தைப் பார்வைக்கும் காட்டிவிடுகிறது. நீர் ஊற்றிய ஒரு மணி நேரத்தில் வெளிச்சுவர் கருஞ்சிவப்பாகும். நாள் போகப்போக மேலிருந்து வெளிறிக்கொண்டே இறங்கும். வெளிறல் அடி மூன்றில் ஒரு பங்கை எட்டினால் பெரும்பாலான செடிகளுக்கு நீர் ஊற்றும் நேரம். விரல்முட்டியால் தட்டினாலும் தெரியும்: ஈர மண்ணுள்ள தொட்டி மொத்தென்று ஒலிக்கும், காய்ந்த மண் சுவரை விட்டுச் சுருங்கியிருந்தால் கணீரென்று கேட்கும். கணீரென்று கேட்டால் மேலே ஊற்றும் நீர் சுவரோரமாகவே ஓடிப்போகும். தொட்டியைப் பாதி உயரம் நீரில் 20, 30 நிமிடம் உட்காரவைத்து எடுங்கள்.

புதுத் தொட்டியை நீரில் ஊறவைக்காமல் நடக் கூடாது என்பதும் இதனால்தான். காய்ந்த சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். புதிதாக நட்ட செடி இரண்டே நாளில் துவளும். குமிழி வருவது நிற்கும் வரை மூழ்கவைத்தால் போதும். சிறிய தொட்டிக்கு அரைமணி நேரம், பெரியதற்கு இரண்டு மூன்று மணி நேரம்.

புகார்ப் பக்கம் என்னவென்றால், உப்பு. நீரிலும் உரத்திலும் கரைந்துள்ள உப்புகள் நீரோடு சுவருக்கு வந்து, நீர் ஆவியான பின் அங்கேயே தங்கி வெள்ளையாகப் பூக்கும். பட்டையின் மேல்விளிம்பில் அதிகம். அதன் மேல் சாய்ந்துகிடக்கும் சதைப்பற்றான இலைக்காம்பு, தொட்ட இடத்தில் பழுப்பாகி அழுகும். ஆப்பிரிக்க வயலட் வளர்ப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். அப்படிப்பட்ட செடிக்கு விளிம்பில் உருக்கிய மெழுகு ஒரு பட்டை தடவிவிடலாம். உள்ளே சேரும் உப்புக்கு வழி, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை தொட்டிக் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நீரைத் தவணை தவணையாக ஊற்றி வடியவிடுவது. 3.2 லிட்டர் தொட்டிக்கு ஆறேகால், ஆறரை லிட்டர். அடித்தட்டில் தேங்கியதை அரைமணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கழுவிய உப்பு திரும்ப ஏறும்.

பழைய தொட்டியைச் சுத்தம் செய்ய முதலில் காய்ந்த பிரஷ், பிறகு ஓரிரவு வெறும் நீரில் ஊறல், பிறகும் வெள்ளை இருந்தால் வினிகர் ஒரு பங்கு, நீர் மூன்று பங்கு கலந்து அரைமணி நேரம், பின் நன்றாக அலசல். நோய்வந்த செடி இருந்த தொட்டியானால் பிளீச் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு, பத்து நிமிடம், பின் அலசி வெயிலில் உலர்த்தல். வினிகரையும் பிளீச்சையும் சேர்த்தோ, ஒன்றை அலசாமல் அடுத்ததையோ பயன்படுத்தக் கூடாது. குளோரின் வாயு வரும்.

வெளிச்சுவரில் பெயின்ட் அடிப்பதைப் பற்றியும் கேட்பார்கள். உள்ளிருந்து வரும் ஈரம் பெயின்டைக் கொப்புளமாகத் தள்ளி உரித்துவிடும். உள்ளே நீர் புகாத பூச்சு அடித்துவிட்டு வெளியே பெயின்ட் அடித்தால் நிற்கும், ஆனால் அப்போது அது மண் தொட்டி செய்யும் எந்த வேலையையும் செய்யாது. அதற்குப் பிளாஸ்டிக் எடை குறைவு, விலையும் குறைவு.

இந்த வடிவத்தின் வயதைப் பற்றிக் கொஞ்சம். அடியில் துளை வைத்த மண் கலத்தில் செடி வைப்பது மிகப் பழைய வழக்கம். ஏதென்ஸில் ஹெபைஸ்டஸ் கோயிலைச் சுற்றி 1930களில் நடந்த அகழாய்வில், பாறையில் வெட்டிய குழிகளுக்குள் செடி நட்ட மண் தொட்டிகள் வரிசையாகக் கிடைத்தன. ரோமானியத் தோட்டங்களிலும் துளையிட்ட நடவுப் பானைகள் கிடைத்துள்ளன. ஆனால் இன்று நாம் காணும் பட்டை வைத்த ஒழுங்கான வடிவம், ஆயிரக்கணக்கில் ஒரே அளவாக வனைந்து, அடுக்கி, தூரம் அனுப்ப வேண்டியிருந்த நர்சரித் தொழிலோடு சேர்ந்து நிலைப்பட்டது. இங்கிலாந்தில் அளவுகளுக்குப் பெயரே எண்ணிக்கைதான்: ஒரு குறிப்பிட்ட எடை களிமண்ணில் எத்தனை தொட்டி வரும் என்பதைக் கொண்டு அறுபது, நாற்பத்தெட்டு, முப்பத்திரண்டு என்று அழைத்தார்கள். எண் பெரிதானால் தொட்டி சிறிது; அறுபது என்றால் சுமார் 3 அங்குல வாய், முப்பத்திரண்டு என்றால் சுமார் 6 அங்குலம். அசேலியா போன்ற மேலோட்ட வேர்ச் செடிக்கு உயரம் அகலத்தில் முக்கால் பங்கு, கிழங்குப் பூக்களுக்குப் பாதி என்று உடன்பிறப்புகளும் உண்டு. சரிவும் பட்டையும் எல்லாவற்றிலும் அதேதான். எந்த வடிவத்திலும் வார்க்கக்கூடிய பிளாஸ்டிக் வந்தபிறகும் நர்சரித் தொட்டி இதே சரிவையும் மடித்த விளிம்பையும் வைத்துக்கொண்டதைப் பாருங்கள்.

கண்ணுக்கு ஏன் பிடிக்கிறது என்றால், அகலமும் உயரமும் சமமாக இருப்பதால் தொட்டி தன்னை முன்னே தள்ளிக்கொள்வதில்லை. பட்டையின் கீழே விழும் மெல்லிய நிழற்கோடு மட்டும் செடி எங்கே தொடங்குகிறது என்று காட்டும். இரும்பு ஆக்சைடு தரும் மங்கிய செந்நிறம் எந்தப் பச்சைக்கும் எதிர்நிறமாக நிற்கும். சூளையில் தீ சமமாகப் படாமல் வரும் கருந்திட்டுகளைக் குறை என்று நான் ஒதுக்கமாட்டேன். பிசகில்லாத ஒரே ஆரஞ்சு நிறத்தைக் கண்டால்தான் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன், சில சமயம் அது சிமென்டின் மேல் அடித்த சாயம்.

வாங்கும்போது செய்யவேண்டிய சோதனைகளுக்கு இரண்டு நிமிடம் போதும். தொட்டியைத் துளை வழியாக ஒரு விரலில் தொங்கவிட்டு முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் சரி. 'டப்' என்று அடங்கினால் சூடு போதாதது. கிறீச்சென்று அதிர்ந்தால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது. காசால் சுவரைக் கீறுங்கள். தூள் தாராளமாக உதிர்ந்தால் அது குறைவாகச் சுட்டது, இரண்டு மழைக்காலத்தில் செதிலாக உரியும். காய்ந்த சுவரில் ஒரு சொட்டு நீர் வையுங்கள். சில விநாடியில் உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் மேலே ஏதோ பூசியிருக்கிறார்கள். வாயை இரு திசையிலும் அளந்தால் வித்தியாசம் 20 செ.மீ. தொட்டியில் 3, 4 மி.மீ.க்குள் இருக்கலாம். சமதரையில் வைத்தால் ஆடக் கூடாது.

வெள்ளைப் புள்ளிகளைக் கவனியுங்கள். களிமண்ணில் சுண்ணாம்புக் கல் துணுக்கு இருந்தால் சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பிறகு ஈரத்தை உறிஞ்சி உப்பி, மேலே உள்ள சுவரைக் கூம்புச் சில்லாகப் பெயர்த்துவிடும். பெயர்ந்த குழியின் அடியில் வெள்ளைப் பொட்டு தெரியும். கடையில் பார்க்கும்போது தெரியாமல் சில வாரம் கழித்தும் வரும். ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, சுவர் முழுவதும் இருந்தால் அந்தச் சரக்கே வேண்டாம்.

நீங்களே வனைகிறீர்கள் என்றால்: சுட்டபின் 20 செ.மீ. வர வேண்டுமானால் 2.5 முதல் 3 கிலோ மண் எடுத்து, காய்தலும் சுடுதலும் சேர்ந்து 8 முதல் 12 சதவீதம் சுருங்கும் என்பதால் வாயை 22, 22.5 செ.மீ.க்கு வனையுங்கள். அடி 8 முதல் 10 மி.மீ. தடிமன், அதை நன்றாக அழுத்தி இறுக்காவிட்டால் காயும்போது எஸ் எழுத்து வடிவில் விரிசல் விடும். மேல் 3 செ.மீ.யில் மண்ணைத் தடித்து விட்டு, நேரான மரச்சட்டத்தால் அழுத்திப் பட்டையை எடுங்கள். பட்டையின் தடிமன் சுவரைப்போல இரண்டு மடங்கைத் தாண்டினால், சுவர் முன்னே காய்ந்து இரண்டும் சேரும் கோட்டில் வெடிக்கும். துளையைத் தோல்பதத்தில் (பாதி காய்ந்து தோல்போல் இறுகிய நிலையில்), உள்ளிருந்து வெளியே வெட்ட வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் குடைந்தால் அங்கிருந்து கதிர் கதிராக விரிசல் ஓடும். விளிம்பு இறுகியதும் கவிழ்த்துக் காயவிடுங்கள். சூளையில் 100 டிகிரி வரை அவசரமே கூடாது, சுவருக்குள் நீர் ஆவியானால் தொட்டி வெடிக்கும். 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் (மணலின் கனிமம்) திடீரென விரிவதால், ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். 1100ஐத் தாண்டினால் பல சிவப்பு மண்கள் பழுப்பாகி இறுகி, நுண்துளை அடைபட்டு, கோணவும் தொடங்கும்.

எங்கே இது ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரணி போன்ற, ஈரம் விடாமல் கேட்கும் செடிகளுக்கு வெயிலில் சிறிய மண் தொட்டி தண்டனை, 10 செ.மீ. தொட்டி கோடையில் ஒரே நாளில் காயும். கள்ளி, சதைப்பற்றுச் செடிகள், அடினியம், ரோஸ்மேரி, ஜெரேனியம் இதில் செழிக்கும். உறைபனி விழும் ஊர்களில், நீர் பனியாகும்போது 9 சதவீதம் விரிவதால், நீர் குடித்த சுவர் அடுக்கடுக்காகப் பெயரும். இத்தாலியின் இம்ப்ரூனேதா மண்ணில் செய்த தொட்டிகள் உறைபனி தாங்குவதற்குப் பெயர் பெற்றவை; மற்றவற்றை வெறுமையாக்கி, கூரையடியில் கவிழ்த்துவைப்பதே வழி. மரத்தரையில் வைப்பதானால் கிளேஸ் பூசாத தட்டு வேண்டாம், ஈரம் தட்டைக் கடந்து தரையில் வட்டக் கறையாக விழும். அழகுக் கலத்துக்குள் இறக்கிவைப்பவர்கள் சுற்றிலும் 2 செ.மீ. இடைவெளி விடுங்கள், கலத்தின் அடியில் நீர் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாயிலிருந்து கீழ்நோக்கி விரிசல் விட்ட தொட்டியை உடனே தூக்கிப்போட வேண்டியதில்லை. பட்டையின் கீழ்விளிம்புக்கு அடியில் துருப்பிடிக்காத கம்பியை இரண்டு சுற்று சுற்றி, முனைகளைக் குறட்டால் முறுக்கி இறுக்குங்கள். பட்டை இருப்பதால் கம்பி மேலே நழுவாது. விரிசல் மூடிக்கொள்ளும், செடி இன்னும் சில ஆண்டு அதிலேயே இருக்கலாம். முறுக்குவதை மெதுவாகச் செய்யுங்கள், கடைசி அரைச்சுற்றில்தான் தொட்டி பிளக்கும். விரிசல் அடித்துளை வரை போய்விட்டிருந்தால் கம்பி நிற்காது. அதை உடைத்து வளைந்த துண்டுகளை மட்டும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தொட்டியின் துளைக்கு மேல் வைக்க.